ஐந்தரைக் கிலோமீற்றர்

செங்கலடிச் சந்தியில் பஸ் நடத்துனர் கூப்பிட்டான்:
"மகாஓயாவா? ஏறுங்க, ஒண்டரை மணித்தியாலம்."
மூன்று நாளில் போகிறோம் என்றோம்.
டிக்கட் கட்டையைக் கக்கத்தில் செருகிவிட்டு
எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தான்,
மறுகா எங்கள் முகங்களை.
பஸ் புழுதியை எங்களிடம் விட்டுப் போனது.

ஆடி மாதம். மேற்கிலிருந்து கச்சான்.
கொடியில் சேலை காயுமுன்னே
உதட்டைக் காயவைக்கும் காற்று.
அதற்கு முகம் கொடுத்தபடி
வெந்நீர் தேடிப் போகும் மூன்று பேரைக் கண்டு
இலுப்படிச்சேனையில் ஒரு மாடு
அசைபோடுவதை நிறுத்தியது.

அளவைத் திணைக்களத்து ஜவ்சி
சில்லுப் பூட்டிய தடியை உருட்டி வந்தான்.
மீற்றருக்கு ஒரு டிக்.
அவனுக்கு முன்னால் பத்மலோஜினி டீச்சர்,
இன்னும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் நிற்பவள்போல்
கைவீசி.
கடைசியில் நான்.
கிராமிய வங்கியின் கதிரைக்குக் கீழே
பதினாறு வருசம் தொங்கிக்கிடந்த கால்கள்.
இடது குதியில் மத்தியானமே கொப்புளம்.

கரடியனாற்றில் முதல் இரவு.
குசலானமலை இருட்டுக்குள்
எருமைபோல் படுத்துக் கிடந்தது.
ஜவ்சி மீற்றர்வரை கொப்பியில் எழுதினான்.
சென்ரிமீற்றரிலும் ஆசைதான்;
சில்லு அவ்வளவு படித்ததில்லை.

மறுநாள் புல்லுமலைப் பக்கம்
மண் நிரப்பிய பீப்பாய் ஒன்று,
அதன் வாய்க்குள் ஆவாரை பூத்து.
டீச்சர் கைவீச்சை நிறுத்தினாள்.
"இதிலதான் எல்லாரையும் இறக்குவாங்க.
பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேணும்,
அங்கால போய்த்தான் திரும்ப ஏறலாம்.
இந்த நூற்றைம்பது மீற்றரை
எத்தனை தரம் நடந்திருப்பன்."
சில்லு அதன்மேலும் ஏறி
டிக், டிக் என்றது.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்
வனத்திணைக்கள விமலசிறி கையை விரித்து மறித்தார்.
"மூணு இருக்கு. ஒண்டு குட்டி. நடக்க வேணாம்."
பின்னால் சோளம் ஏற்றிய மெஷின் ஒன்று
உறுமிக்கொண்டு நின்றது.
ஏறினோம்.
பொத்திகளின் மேல் தடி படுத்திருந்தது,
ஒரு சத்தமில்லாமல்.
ஜவ்சி தூரத்தை மட்டும் கேட்டான்.
"அஞ்சர."

யானை தெரியவில்லை.
முறிந்த பாலைக்கொப்பு, பால் வடிய.
ஆவி பறக்கும் லத்தி.
வீரையும் முதிரையும் இரண்டு பக்கமும் நெருங்கி
வீதியை ஒடுக்கிக்கொண்டு வர,
கச்சானே நுழையாத குளிர்ச்சி அங்கே.
இந்தப் பாதையில் மிக வடிவான துண்டை
நாங்கள் குந்தியிருந்து பார்த்தோம்.

பின்னேரம் சுனைகள்.
சதுரச் சதுரமாய்க் கட்டிய தொட்டிகள்;
பக்கத்துப் பக்கத்து வீடுகள் போல
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோபம்.
ஒன்றில் கை வைக்க ஏலாது,
ஒன்றில் பச்சைக் குழந்தையையும் குளிப்பாட்டலாம்.
பிக்குகளுக்காகக் கட்டியதென்றார் ஒருவர்,
யாரோ அரசனின் முழங்கால் வலிக்காக என்றார் இன்னொருவர்.
தண்ணீர் இரண்டையும் மறுக்கவில்லை.
லொறிச்சாரதி ஒருவன் முதுகில் வாளியைக் கவிழ்த்து
அம்மே என்றான்,
அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

டீச்சர் முழங்கால்வரை இறங்கிக் கண்ணை மூடினாள்.
நான் வலது காலை வைத்தேன், சொர்க்கம்.
இடது காலை வைத்தேன்,
தொட்டியடியில் இருந்த அத்தனை பேரும்
திரும்பிப் பார்த்தார்கள்.

ஜவ்சி கட்டில் இருந்தான்,
சப்பாத்துக் கயிறு இறுகக் கட்டியபடி.
"அஞ்சரை கடன் கிடக்கு.
நடந்து வராத ஆள் நான்."
"விசரா உனக்கு" என்றாள் டீச்சர்.
எனக்குத் தெரிந்த ஒரே சாத்திரத்தை நான் சொன்னேன்:
"வராக்கடன் என்று ஒரு பக்கம் இருக்கு, ஜவ்சி.
வெள்ளம் கொண்டுபோனது, யானை கொண்டுபோனது,
எல்லாம் அதிலதான் எழுதுவம்.
எழுதி, கோடு கீறி, கணக்கை மூடலாம்."
கனநேரம் யோசித்தான்.
ஒரு சப்பாத்தைக் கழற்றினான்.
ஒன்றை மட்டும்.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம்.
டீச்சர் என் தோளில் குறட்டை.
காடு நெருங்கிய இடத்தில்
ஓட்டுனர் லைட்டைக் குறைத்து மெதுவாக உருட்டினார்.
ஜவ்சி நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி
வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
உதடு மட்டும் அசைந்தது:
டிக்.
டிக்.